கரையுமா, கரையாதா? கனிமத் துகளும் விழுங்கும் செல்லும்

போன மாதம் காங்கேயம் பக்கம் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். கட்டுத்தரையில் நின்ற மாட்டின் கழுத்தைத் தடவிக் காட்டினார். எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"மாப்ள, தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் சேத்து ஊசி போட்டாங்க. பத்து நாள் ஆச்சு. காய்ச்சல் இல்ல, தீனி நல்லாத்தான் திங்குது. ஆனா இந்தக் கட்டி கரையவே மாட்டேங்குது. ஊசி கெட்டுப்போனதா இருக்குமோ?"

"இல்லீங்க மாமா, கட்டி வந்தா ஊசி வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்" என்றேன். அவர் நம்பவில்லை. போனை எடுத்து இன்னொன்றைக் காட்டினார். நாமக்கல்லில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் அவர் சம்பந்தி அனுப்பிய நோட்டீஸ். 'நானோ ஜிங்க்: கோழியின் நோய் எதிர்ப்பு சக்தி இரட்டிப்பு!' "இது நெசமா? சம்பந்தி ஒன்னய கேட்டுச் சொல்லச் சொன்னார்."

மூன்றாவது கேள்வி என்னுடையது. அதை மாமாவிடம் சொல்லவில்லை. அப்பா கோவையில் ஒரு ஃபவுண்டரியில் மோல்டிங், ஃபெட்லிங் செக்‌ஷன்களில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். ரெண்டு வருஷமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் பகுதியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். முதலில் டி.பி. என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். அப்புறம்தான் சிலிகோசிஸ் என்றார்கள். அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "வேலைய விட்டு நாலு வருசமாச்சே, இன்னும் ஏன் கூடிட்டே போகுது?"

மாட்டுக் கட்டி, கோழித் தீவனம், அப்பாவின் நுரையீரல். இந்த மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று கொஞ்ச நாளாகப் படித்ததில் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

விழுங்குவதே வேலை

1882-ல் இத்தாலியின் மெசினா நகரில் எலீ மெக்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர் ஒரு சின்ன சோதனை செய்தார். கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கக்கூடிய நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்தி வைத்துவிட்டு, மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கப் பார்க்கும் செல்கள் உடலில் இருக்கின்றன என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1908-ல் அவருக்கும் பால் எர்லிச்சுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்தச் செல்களில் பெரியதற்குப் பெயர் மாக்ரோஃபேஜ். 'பெருந்தீனிக்காரன்' என்று அர்த்தம். மாட்டுக்கு இருக்கிறது, கோழிக்கு இருக்கிறது, நமக்கும் இருக்கிறது. நுரையீரலின் காற்றுப்பைகளில், கல்லீரலில், தோலுக்கு அடியில், தசையில் என்று உடலெங்கும் காவலுக்கு நிற்கிறது.

இதன் வேலைமுறை எளிது. அந்நியமாக ஏதாவது தட்டுப்பட்டால் சுற்றி வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதை ஒரு பையில் அடைக்கும். அந்தப் பையோடு லைசோசோம் என்கிற அமிலப் பை சேரும். அங்கே அமிலத்தன்மை பி.ஹெச். 4.5 முதல் 5 வரை இருக்கும், கூடவே செரிக்கும் என்சைம்கள். பாக்டீரியாவாக இருந்தால் அங்கேயே கரைந்து முடிந்தது. செரித்ததில் சில துண்டுகளை வெளியே தூக்கிக் காட்டி மற்ற எதிர்ப்பு செல்களுக்குத் தகவல் சொல்லும்.

கோடிக்கணக்கான வருஷங்களாகப் புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கப் பழகிய வயிறு இது. அதற்குள் ஒரு கல் போனால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விதான்.

சிறிது என்றால் எவ்வளவு சிறிது?

ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளதைத்தான் பொதுவாக நானோ துகள் என்கிறார்கள். மாக்ரோஃபேஜ் சுமார் 15,000 முதல் 20,000 நானோமீட்டர் அகலம். அதன் பக்கத்தில் 50 நானோமீட்டர் துகள் என்பது யானை பக்கத்தில் வேர்க்கடலை மாதிரி.

சிறிதாக்குவதால் பொருளின் மேற்பரப்பு பயங்கரமாகக் கூடுகிறது. ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மொத்த மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட 15 சென்ட் நிலம்! சர்க்கரைக் கட்டி அளவு கல்லுக்குள் வீடு கட்டித் தோட்டமும் போடுகிற அளவு பரப்பு. கரைவது, ஒட்டுவது, வினைபுரிவது எல்லாம் மேற்பரப்பில்தான் நடக்கும் என்பதால், ஒரே கனிமம் கட்டியாக இருக்கும்போது ஒரு மாதிரியும் தூளாக இருக்கும்போது வேறு மாதிரியும் நடந்துகொள்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். துகள் உடலுக்குள் அம்மணமாகத் திரிவதில்லை. ரத்தத்திலோ சளியிலோ பட்ட உடனே புரதங்கள் வந்து அதன்மேல் சட்டை மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. செல் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தச் சட்டையைத்தான். ஆனால் லைசோசோமுக்குள் போனதும் சட்டை செரித்துப்போகும். அதன்பின் கனிமமும் அமிலமும் நேருக்கு நேர்.

மாட்டுக் கட்டியின் கதை

1920-களில் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் காஸ்தோன் ரமோன் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கான (இது மனிதக் குழந்தைகளுக்கு வரும் டிப்தீரியா, மாட்டுக்கு வருவது வேறு) எதிர்ப்பு மருந்தைக் குதிரைகளில் தயாரிப்பது அவர் வேலை. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்த குதிரைகள், கட்டி வராத குதிரைகளைவிட அதிக எதிர்ப்பு மருந்து தருவதை அவர் கவனித்தார். அப்படியானால் கட்டியை நாமே வர வைத்தால்? ரொட்டித் தூள், மரவள்ளி மாவு என்று கையில் கிடைத்ததை ஊசி மருந்தோடு கலந்து பார்த்தார். வேலை செய்தது. ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இது பிடிக்கும்: தடுப்பூசி வரலாற்றில் மரவள்ளிக் கிழங்குக்கு ஓர் இடம் உண்டு.

மாவு நிலைக்கவில்லை, கனிமம் நிலைத்தது. 1926-ல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னியும் அவர் கூட்டாளிகளும் டிப்தீரியா மருந்தைப் படிகாரத்தால் வீழ்படிவாக்கி கினிப் பன்றிகளுக்குப் போட்டார்கள். எதிர்ப்பு சக்தி வெகுவாகக் கூடியது. ஆமாம், சலூனில் ஷேவிங் முடிந்ததும் தடவுகிற அதே படிகாரம். அன்றிலிருந்து இன்றுவரை உலகம் முழுக்க மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் போடும் எத்தனையோ தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு துணைமருந்தாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் குன்னூரில் 1907-லிருந்து இயங்கும் பாஸ்டர் நிலையம் தயாரிக்கும் முத்தடுப்பூசியிலும் உண்டு. மாமா மாட்டுக்குப் போட்ட மருந்தின் லேபிளைப் பார்த்தேன். அதிலும் அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நானோ என்ற பேச்சே இல்லாத காலத்திலேயே இது நானோ மருந்து. அலுமினியம் ஹைட்ராக்சைடு ஜெல்லின் அடிப்படைத் துகள் சுமார் 10 நானோமீட்டர் நீளமுள்ள மெல்லிய நார். அந்த நார்கள் ஒன்றோடொன்று பின்னி, பஞ்சு உருண்டை மாதிரி சில மைக்ரோமீட்டர் அளவுக்குத் திரள்கின்றன. நோய்க்கிருமியின் புரதம் அந்தப் பஞ்சில் ஒட்டிக்கொள்கிறது.

தசைக்குள் அது போனதும் என்ன நடக்கிறது? முதலில் நியூட்ரோஃபில்கள் ஓடி வரும். பிறகு மாக்ரோஃபேஜ்களும், தகவல் கொண்டுபோகும் டெண்ட்ரிடிக் செல்களும் வரும். ஜெல்லை விழுங்கும், திணறும், இன்னும் ஆள் கூப்பிடும். அந்தக் கூட்டம்தான் கையில் தட்டுப்படும் கட்டி. கிருமியின் அடையாளத்தை எடுத்துக்கொண்ட டெண்ட்ரிடிக் செல்கள் பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போய் டி செல், பி செல்களுக்குப் பாடம் எடுக்கும். வெறும் புரதத்தை மட்டும் ஊசியில் போட்டால் இவ்வளவு கூட்டம் சேராது, பாடமும் மனதில் நிற்காது.

இது எப்படி நடக்கிறது என்பது ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. தடுப்பூசியில் துணைமருந்து சேர்ப்பது நோய் எதிர்ப்பியலாளர்களின் வெளியே சொல்லாத ரகசியம் என்று சார்லஸ் ஜேன்வே 1989-ல் கிண்டலாகச் சொன்னார். 2008-ல் ஒரு பதில் கிடைத்தது. மாக்ரோஃபேஜுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற அபாயமணி ஒன்று இருக்கிறது. லைசோசோம் பை கிழிந்து அமிலமும் என்சைமும் கசிந்தால் அந்த மணி அடிக்கும். அடித்ததும் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற செய்தி வெளியே போகும். காய்ச்சல், வீக்கம், ஆள் திரட்டல் எல்லாம் அதன் வேலை. அலுமினிய உப்பு இந்த மணியை அடிக்கிறது என்று பல ஆய்வுக் குழுக்கள் காட்டின. ஆனால் மணி இல்லாத எலிகளிலும் அலுமினியத் தடுப்பூசி வேலை செய்ததாக வேறு ஆய்வுகள் வந்தன. ஊசி இடத்தில் சாகும் செல்களிலிருந்து கொட்டும் டி.என்.ஏ.தான் எச்சரிக்கை என்று 2011-ல் ஒரு குழு சொன்னது. சண்டை முழுதாக முடியவில்லை. மணி அடிக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, தடுப்பூசி பிடிக்க அந்த மணி மட்டும்தான் காரணமா என்பதில்தான் விவாதம்.

மாமாவின் கேள்விக்கு வருவோம். கட்டி கரையுமா? கரையும். 1997-ல் முயல்களில் ஓர் அழகான ஆய்வு நடந்தது. இயற்கையில் அரிதான அலுமினியம்-26 ஐசோடோப்பை அடையாளமாக வைத்துத் துணைமருந்து செய்து முயல் தசையில் போட்டு, ரத்தத்தையும் சிறுநீரையும் தொடர்ந்து அளந்தார்கள். 28 நாளில் அலுமினியம் பாஸ்பேட்டில் 51 சதவீதமும், அலுமினியம் ஹைட்ராக்சைடில் 17 சதவீதமும் ரத்தத்துக்குள் வந்திருந்தன. உடலில் இருக்கும் சிட்ரிக் அமிலம் போன்றவை கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைக்கின்றன. அதாவது மெதுவாக, ஆனால் நிச்சயமாகக் கரையும் கனிமம். பாடம் நடக்கிற வரை இருந்துவிட்டு, பிறகு போய்விடுகிறது. பத்து நாளில் கரையவில்லை என்று பயப்பட வேண்டியதில்லை. கட்டி சூடாகிச் சீழ் பிடித்தாலோ மாடு தீனி எடுக்காமல் போனாலோ மட்டும் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஒரே பட்டறை, இரண்டு தூசி

இப்போது கோவைக்கு வாங்க. பம்ப்செட், மோட்டார், வால்வு என்று இந்த ஊரின் பெயருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான ஃபவுண்டரிகள் இருக்கின்றன. பெரும்பாலும் சிலிக்கா மணலில்தான் அச்சு. உருகிய இரும்பை ஊற்றி, ஆறிய பிறகு அச்சை உடைத்து, காஸ்டிங்கில் ஒட்டிய மணலைத் தட்டி, கிரைண்டிங் வீலில் தேய்த்து எடுப்பார்கள். அந்த உடைக்கும் இடமும் ஃபெட்லிங்கும்தான் தூசிக்கு ஊற்றுக்கண்.

அதே ஊரில் பித்தளை வார்ப்பவர்களுக்கும், ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்பவர்களுக்கும் வேறொரு அனுபவம் உண்டு. துத்தநாகம் சூட்டில் ஆவியாகி, காற்றில் துத்தநாக ஆக்சைடு வெண்புகையாக மாறும். அதிலுள்ள துகள்கள் மிக மிக நுண்ணியவை, பெரும்பகுதி நானோ அளவு. அதை நிறைய சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு, குளிர்க்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை எல்லாம் வரும். ஃப்ளூ என்று நினைத்துப் படுப்பார். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். வாரத்தின் நடுவில் உடம்பு பழகிக்கொள்ளும், ஞாயிறு லீவுக்குப் பிறகு திங்கட்கிழமை திரும்ப வரும். அதனால் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே ஒரு பெயர்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் துத்தநாகப் புகையில் வேலை செய்தவர்களின் நுரையீரலை உப்பு நீரால் கழுவி எடுத்துப் பார்த்தார்கள். நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தன, அழற்சிச் செய்தி மூலக்கூறுகள் ஏறியிருந்தன. கிருமியே இல்லாத காய்ச்சல். மாக்ரோஃபேஜ் துத்தநாகத் துகளை விழுங்கி, கத்தி, ஆள் கூட்டியிருக்கிறது. பிறகு ஏன் தானாக அடங்கியது? துத்தநாக ஆக்சைடு அமிலத்தில் கரையும். எலியின் நுரையீரலுக்குள் போன துத்தநாக ஆக்சைடு சில நாட்களில் கரைந்து போய்விடுகிறது. எரிச்சலூட்டிய பொருளே இல்லை, அதனால் சண்டையும் ஓய்ந்தது.

சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ், லைசோசோமின் அமிலத்துக்கு அசைந்து கொடுக்காது. குவார்ட்ஸ் தூசியில் பெரும்பகுதி மைக்ரோமீட்டர் அளவு, ஒரு பகுதி நானோ அளவு. சுமார் 4 மைக்ரோமீட்டருக்குக் கீழே இருப்பவை நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். மூக்கு முடியோ சளியோ அவற்றைப் பிடிக்காது. அங்கே மாக்ரோஃபேஜ் கடமை தவறாமல் விழுங்குகிறது. லைசோசோம் சேர்கிறது. கல் கரையவில்லை, பை கிழிகிறது. என்சைம் கசிந்து மணி அடிக்கிறது. தடுப்பூசியில் அடித்த அதே என்.எல்.ஆர்.பி.3 மணி; 2008-ல் ஒரே ஆய்வுக் கட்டுரையில் சிலிக்காவையும் அலுமினிய உப்பையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்கள். செய்தி போகிறது, ஆள் வருகிறது, விழுங்கிய செல் செத்து வெடிக்கிறது. உள்ளேயிருந்த கல் சேதாரமில்லாமல் வெளியே விழுகிறது. அடுத்த மாக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. அதுவும் சாகிறது. அப்புறம் அடுத்தது.

இதுதான் அப்பாவின் கேள்விக்குப் பதில். வேலையை விட்டது அவர், கல் விடவில்லை. புதுத் தூசி ஒன்றும் போகாவிட்டாலும் பழைய துகளே திரும்பத் திரும்ப அடுத்த காவலாளியைக் கொல்கிறது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் உடல் அந்த இடத்தை நாரால் கட்டி மூடப் பார்க்கிறது. அந்த நார் முடிச்சுகள்தான் எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள். நார் சுருங்காது, காற்றை வாங்காது.

டி.பி.யோடு குழப்பம் ஏன் வந்தது என்பதும் இதில் புரிகிறது. இரண்டும் நுரையீரலின் மேல் பகுதியில் புள்ளியாகத் தெரியும். அதைவிட மோசம், டி.பி. கிருமியை அடக்கி வைப்பதும் இதே மாக்ரோஃபேஜ்தான். காவலாளி கல்லை மென்று செத்துக்கொண்டிருந்தால் கிருமியை யார் பார்ப்பது? சிலிகோசிஸ் உள்ளவர்களுக்கு டி.பி. வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அதனால் ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்காது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இன்னும் ஒரு விஷயம். எல்லா மணலும் ஒரே அளவு கெட்டதில்லை. புதிதாக உடைந்த குவார்ட்ஸின் முகத்தில் வினைபுரியும் இடங்கள் அதிகம். நாளானால் அவை கொஞ்சம் அடங்கும். புதிதாக அரைத்த தூளையும் ரெண்டு மாசம் வைத்திருந்த தூளையும் எலிகளைச் சுவாசிக்க விட்டுப் பார்த்த ஆய்வு 1995-ல் வந்தது. புதுத் தூளுக்குத்தான் அழற்சி கூடுதல். ஆற்றங்கரையில் உட்கார்ந்து மணலில் விளையாடுவதற்கும், பல்லடம், சூலூர் பக்கம் கிரஷரில் கல் உடைத்து எம்-சாண்ட் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மணல் துகள் பெரியது, அதன் முகம் பழையது. கிரஷர் தூசி சிறியது, முகமும் அந்த நிமிஷம் உடைந்தது.

அதே சிலிக்கா படிக அமைப்பு இல்லாமல் இருந்தால் கதை வேறு. தீவனக் கலவை கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கா அந்த வகை. அதை எலிகள் சுவாசித்தாலும் அழற்சி வரும். ஆனால் உடல் நீரில் அது ஓரளவு கரைவதால், தூசியை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டுக்கும் வேதிப் பெயர் ஒன்றுதான், சிலிக்கான் டை ஆக்சைடு. ஆகவே லேபிளில் உள்ள பெயரை மட்டும் படித்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

நானோ ஜிங்க் நோட்டீஸ்

இப்போது சம்பந்தியின் கேள்வி. துத்தநாகம் இல்லாமல் நோய் எதிர்ப்பு இல்லை, இது உண்மை. துத்தநாகம் குறைந்த விலங்குகளில் டி செல்களை வளர்த்தெடுக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடும். நம்ம ஊரில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டு நிலங்களில் பாதிக்கு மேல் துத்தநாகம் பற்றாக்குறை. நெல்லுக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் போடுவது அதற்காகத்தான். தீவனத்தில் போகிற மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் இருக்கிற துத்தநாகத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பண்ணைகளில் தேவைக்கு மேலேயே துத்தநாகம் சேர்க்கிறார்கள். மிச்சம் எருவில் போகிறது.

நானோ என்று ஏன் வந்தார்கள்? துகள் சிறியதானால் வேகமாகக் கரையும், குறைந்த அளவே போதும், எருவில் போவதும் குறையும் என்பது வாதம். வாதத்தில் தப்பில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் கலந்து கோழி வளர்க்கும் வழி அடைபடுகிறது. கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க 2019 ஜூலையில் இந்தியா தடை போட்டது. அந்த இடத்தை நிரப்பப் பல பொருட்கள் வரிசையில் நிற்கின்றன, நானோ கனிமங்களும் அதில் ஒன்று.

ஆனால் 'எதிர்ப்பு சக்தி இரட்டிப்பு' என்பது? கோழியின் இரைப்பையும் அரைவைப்பையும் நல்ல அமிலம். அங்கே துத்தநாக ஆக்சைடு பெரும்பகுதி கரைந்து துத்தநாக அயனியாகிவிடும். கரைந்த பிறகு அது நானோவிலிருந்து வந்ததா, சாதா சல்பேட்டிலிருந்து வந்ததா என்று குடலுக்கும் தெரியாது, எதிர்ப்பு செல்லுக்கும் தெரியாது. கோழிகளில் நடந்த ஆய்வுகளில் சிலவற்றில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கான எதிர்ப்புப் பொருள் கூடியிருக்கிறது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. துத்தநாகம் பற்றாக்குறையாக இருந்த கோழிக்கு எந்த ரூபத்தில் கொடுத்தாலும் நல்லது தெரியும். போதுமான அளவு இருக்கிற கோழிக்குக் கூடுதலாகக் கொடுத்து எதிர்ப்பு சக்தியை இரட்டிப்பாக்க முடியாது. தொட்டி நிரம்பிய பிறகு மோட்டார் ஓடினால் தண்ணீர் வெளியேதான் போகும்.

'கரையும்' என்பதற்கு 'எவ்வளவு கொடுத்தாலும் ஆபத்தில்லை' என்றும் அர்த்தமில்லை. 2008-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு ஒன்று மாக்ரோஃபேஜ் செல்களுக்கு மூன்று நானோ துகள்களைக் கொடுத்துப் பார்த்தது. டைட்டானியம் டை ஆக்சைடு கரையவில்லை, பெரிய சேதமும் செய்யவில்லை. சீரியம் ஆக்சைடு கரையவில்லை, செல்லுக்கு ஓரளவு பாதுகாப்பாகவே இருந்தது. துத்தநாக ஆக்சைடு லைசோசோமில் மளமளவென்று கரைந்து, செல்லுக்குள் துத்தநாக வெள்ளத்தை உண்டாக்கி, செல்லைக் கொன்றது. வெளியே இருந்தால் செல் தன் அளவுக்கு மட்டும் துத்தநாகத்தை உள்ளே விடும். துகளாக விழுங்கும்போது அந்த வாசல் கட்டுப்பாடு இல்லாமல் மொத்தமும் உள்ளே போய்விடுகிறது. பன்றிக்குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குத் தீவனத்தில் கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் வரை துத்தநாகம் என்ற அளவில் ஆக்சைடு கலக்கும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. மண்ணில் சேர்வதாலும், ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகும் பயத்தாலும் 2022 ஜூன் முதல் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆக, துகளைப் பார்த்துக் கேட்க வேண்டியவை மூன்று. கரையுமா? கரைந்தால் எவ்வளவு வேகத்தில், எவ்வளவு அளவு? கரையாவிட்டால் அதன் மேற்பரப்பு செல்லோடு என்ன செய்கிறது? அப்பாவின் நுரையீரலில் இருக்கும் குவார்ட்ஸ் முதல் கேள்வியில் தோற்று, மூன்றாவது கேள்வியிலும் தோற்கிறது. டைட்டானியம் முதலில் தோற்றாலும் மூன்றாவதில் தப்பிக்கிறது. துத்தநாகம் முதலில் ஜெயித்து, இரண்டாவதில் மாட்டிக்கொள்ளலாம். படிகார ஜெல் மூன்றிலும் நடுவாக நின்று நமக்கு வேலை செய்து கொடுக்கிறது.

சம்பந்திக்கு நான் அனுப்பிய பதில் இவ்வளவுதான்: "விக்க வர்றவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. ஒரு ஷெட்ல நானோ ஜிங்க், பக்கத்து ஷெட்ல அதே அளவு துத்தநாகம் வர்ற மாதிரி சாதா ஜிங்க் சல்பேட். ரெண்டுக்கும் ஒரே தடுப்பூசி. இப்படி ஒப்பிட்டுப் பார்த்த ரிசல்ட் இருக்குதான்னு கேளுங்க. ஜிங்க்கே போடாத கோழியோட ஒப்பிட்டுக் காட்டுனா அது ஜிங்கோட பெருமை, நானோவோட பெருமை இல்லீங்க." நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, ரிசல்ட் தாளை அங்கே ஒருத்தரிடம் காட்டிக் கேட்பதும் நல்லது என்றேன். பையைத் திறந்து தீவனத்தில் கலக்கும் ஆளுக்கு முகமூடி முக்கியம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கோழி தின்கிற துத்தநாகம் இரைப்பைக்குப் போகிறது, கலக்குகிற ஆள் இழுக்கிற தூள் நுரையீரலுக்குப் போகிறது.

கடைசியாக

சிலிகோசிஸைத் திருப்பிச் சரிசெய்யும் மருந்து இன்றுவரை இல்லை. வராமல் தடுக்க மட்டும் முடியும், அதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. கல் உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளிப்பது, அச்சு உடைக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சும் ஹூட், காற்றழுத்தக் குழாயால் சட்டையை ஊதிச் சுத்தம் செய்யாமல் இருப்பது, முகத்தில் ஒட்டி நிற்கும் என்-95 வகை முகமூடி. துண்டைக் கட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும் தூசி நிற்கும். காற்றுப்பை வரை போகும் தூசி கண்ணுக்கே தெரியாது. துண்டு அதைப் பிடிக்காது. அப்பா இருபத்தாறு வருஷமும் துண்டுதான் கட்டினார்.

மணல், கல், காஸ்டிங் வேலையில் இருக்கிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், டாக்டரிடம் போகும்போது என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அது எழுதியிருக்காது. சட்டப்படி சிலிகோசிஸ் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தொழிலால் வந்த நோய் என்ற முறையில் இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது. எங்களுக்கு அது தெரியவே ஒன்றரை வருஷம் ஆனது.

நேற்று மாமா போன் செய்தார். மாட்டுக் கழுத்தில் இப்போது நெல்லிக்காய் அளவுதான் இருக்கிறதாம். "நீ சொன்னாப்ல கரைஞ்சிட்டிருக்குது மாப்ள" என்றார். அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். டி.பி. டெஸ்ட் நெகட்டிவ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூச்சு அளவு பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அடுத்த தேதி வைகாசியில் வருகிறது.